மங்கலான விண்மீன்களின் கணக்கு

(நூற்றாண்டு விழாவின் அங்கமாக எமது கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவிகள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





வைத்தியர் ஒருவர் மேடையேறினால் சீனி வருத்தத்தைப் பற்றியும் பிரஷரைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்ப்பது எமது ஒன்றுகூடல்களில் வழக்கம். இன்று அவை இரண்டுக்கும் விடுமுறை. வானத்தில் எமக்கு அருகே இருக்கும் சில சிறிய பேரடைகளையும், அவற்றில் எந்த விண்மீன் எப்போது பிறந்தது என்று கண்டுபிடிக்கும் முறையையும் பற்றிச் சொல்லப் போகிறோம். காரணம் இருக்கிறது. நூறு வருட வரலாற்றை எப்படி எழுதுவது, யாரை எழுதுவது என்று மலர்க்குழுவில் இருக்கும் நாம் சில மாதங்களாகத் தலையை உடைத்துக்கொள்கிறோம். இதே கேள்வியை வானியலாளர்கள் ஆயிரம் கோடி வருட வரலாறுகளைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் எமக்கும் உதவும்.

மாளிகாவத்தையில் வளர்ந்தவர்களுக்கு வானம் என்றால் பெரும்பாலும் பிறைதான். ரமழானுக்கும் பெருநாளுக்கும் தொடர்மாடி மொட்டைமாடிகளில் நின்று மேற்கே பார்ப்போம். பிறகு கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்காகக் காத்திருப்போம். மற்ற இரவுகளில் தெருவிளக்கும் கெத்தாராம விளையாட்டரங்கின் மின்விளக்குகளும் சேர்ந்து விண்மீன்களை விழுங்கிவிடும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, கஷ்டத்தோடு கஷ்டமாக எமது பிள்ளைகள் முதன்முதலாக ஒரு வானம் நிறைய விண்மீன்களைக் கண்டார்கள். அவை எப்போதும் அங்கேதான் இருந்தன. எமது வெளிச்சம்தான் மறைத்திருந்தது.

நாம் வெறுங்கண்ணால் தனித்தனியாகப் பார்க்கும் விண்மீன்கள் எல்லாம் பால்வீதி என்ற ஒரே பேரடையைச் சேர்ந்தவை. பேரடை என்றால் கோடிக்கணக்கான விண்மீன்கள் ஈர்ப்பினால் ஒன்றாகக் கட்டுண்டு வாழும் ஒரு பெரிய குடியிருப்பு. எமக்கு அருகே இருக்கும் பெரிய பேரடை அந்திரோமெடா. அதன் ஒளி எம்மை வந்தடைய ஏறக்குறைய 25 இலட்சம் வருடங்கள் எடுக்கும். ஜனவரி மாத முன்னிரவில், நகர வெளிச்சம் இல்லாத ஒரு கரையோரத்தில் நின்று வடமேற்கே பார்த்தால், ஒரு விரலால் தேய்த்துவிட்டது போன்ற வெண்மையாக அது தெரியும். பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்த அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி 964ஆம் ஆண்டில் எழுதிய விண்மீன் நூலில் அதை ஒரு சிறு முகிலாகக் குறித்து வைத்தார். தொலைகாட்டி வருவதற்கு அறுநூறு வருடங்களுக்கு மேல் முந்திய பதிவு அது. அந்த முகிலைத் தேடுவோர் இன்றும் வழிகாட்டியாகக் கொள்ளும் மீராக் என்ற விண்மீனின் பெயரும் அரபு மொழியிலிருந்து வந்ததே.

அந்திரோமெடாவைச் சுற்றிச் சில சிறிய பேரடைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை 1783 ஓகஸ்ட் 27ஆம் திகதி இரவு இங்கிலாந்தில் ஒரு பெண் கண்டார். கரோலின் ஹெர்ஷல் அவரது பெயர். பத்து வயதில் டைபஸ் காய்ச்சல் வந்து வளர்ச்சி நின்றுபோனவர். உயரம் நான்கடி மூன்று அங்குலம். இவளுக்குத் திருமணம் நடக்காது, வீட்டு வேலைதான் கதி என்று குடும்பத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். அண்ணன் வில்லியம் கொடுத்த ஒரு சிறிய தொலைகாட்டியால் வானத்தைத் துடைப்பதுபோல் வரிசை வரிசையாகத் தேடிய அவருக்கு அந்த மங்கல் பொட்டு அகப்பட்டது. பிரான்சின் மெசியே பத்து வருடங்களுக்கு முன் அதைப் பார்த்திருந்தார். ஆனால் தமது பட்டியலில் சேர்க்கவில்லை. அது கரோலினுக்குத் தெரியாது. இன்று அதற்கு மெசியே 110 என்றும் என்.ஜி.சி. 205 என்றும் பெயர். 1828இல் கரோலினுக்கு இலண்டன் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே பதக்கம் அடுத்த பெண்ணான வேரா ரூபினுக்குக் கிடைத்தது 1996இல். இடையில் 168 வருடங்கள்.

கரோலின் கண்டது ஒரு குள்ள நீள்வட்டப் பேரடை. இந்த வகைப் பேரடைகள் சிறியவை, மங்கலானவை. பால்வீதிக்கு இருப்பதுபோன்ற அழகான சுருள் கரங்கள் இவற்றுக்கு இல்லை. புதிய விண்மீன்கள் பிறக்கத் தேவையான வாயுவும் தூசும் மிகக் குறைவு. தூரத்தில் இருந்து பார்த்தால் சிவந்து மங்கிய ஒரு முட்டை வடிவம், அவ்வளவுதான். எல்லாம் பழையவை, பிறப்பு நின்றுபோனவை, சொல்ல ஒன்றும் இல்லாதவை என்று நீண்ட காலம் இவற்றை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அந்த ஒற்றை வரியைத் திறந்தவர் வால்டர் பாடே. ஜெர்மனியில் பிறந்து 1931இல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் எதிரி நாட்டவர் என்று அவர்மேல் கட்டுப்பாடு விழுந்தது. மற்ற விஞ்ஞானிகள் போர் வேலைக்குப் போய்விட, அன்று உலகத்திலேயே பெரியதான 100 அங்குலத் தொலைகாட்டியில் அவருக்கு இரவுகள் தாராளமாகக் கிடைத்தன. விமானத் தாக்குதலுக்குப் பயந்து லொஸ் ஏஞ்சலஸ் நகரம் விளக்குகளை அணைத்திருந்தது. அதே போரில்தான் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மீதும் குண்டு விழுந்தது. உலகத்துக்கு அது துன்பமான இருட்டு. பாடேயின் தொலைகாட்டிக்கு அது நல்ல இருட்டாக அமைந்தது. சிவப்பு ஒளியை உணரும் புகைப்படத் தட்டுகளை வைத்து, மணிக்கணக்காகக் காத்திருந்து, 1943இல் அவர் அந்திரோமெடாவின் மையத்தையும் அதன் துணைகளான மெசியே 32, என்.ஜி.சி. 205 ஆகியவற்றையும் படம் எடுத்தார். அதுவரை வெறும் புகையாகத் தெரிந்தவை ஆயிரக்கணக்கான தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்தன. 1944இல் அதை வெளியிட்டார். விண்மீன்களில் இரண்டு குடித்தொகைகள் உண்டு, ஒன்று இளமையான நீல விண்மீன்கள் கலந்தது, மற்றது பழைய சிவப்பு விண்மீன்கள் நிறைந்தது என்ற கருத்து அங்கிருந்துதான் வந்தது.

சரி, ஒரு விண்மீனின் வயதை எப்படிச் சொல்வது? அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆனால் ஒரு வழி உண்டு. பெரிய விண்மீன் தன் எரிபொருளை அவசரமாகச் செலவழிக்கும். சூரியனைப்போல் இருபது மடங்கு திணிவுள்ள ஒன்று நீலமாகப் பிரகாசித்து, ஒரு கோடி வருடமளவில் முடிந்துவிடும். சூரியன் ஏறக்குறைய 1000 கோடி வருடம் வாழும். அதிலும் சிறியவை பிரபஞ்சத்தின் இன்றைய வயதான 1380 கோடி வருடத்தையும் தாண்டி எரியும்.

ஒரு பாடசாலையின் குழுப் படத்தை நினைத்துப் பாருங்கள். படத்தின் பின்னால் திகதி இல்லை. அதில் தரம் 1 பிள்ளைகள் இருந்தால் அந்த வருடமும் புதிய பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியும். மிகச் சிறிய பிள்ளையே தரம் 6இல்தான் இருக்கிறாள் என்றால், ஐந்து வருடமாகச் சேர்ப்பு நின்றிருக்கிறது என்று சொல்லிவிடலாம். விண்மீன்களிலும் அப்படியே. நீல விண்மீன்கள் இருந்தால் அங்கே அண்மையில் பிறப்பு நடந்திருக்கிறது. அவை இல்லாமல் போய், சூரியனைப் போன்றவைதான் மிஞ்சியிருக்கின்றன என்றால் பிறப்பு நின்று நெடுங்காலம். வானியலாளர் ஒவ்வொரு விண்மீனின் நிறத்தையும் ஒளியையும் அளந்து ஒரு வரைபடத்தில் புள்ளி வைக்கிறார். இலட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்ததும், எந்தக் காலத்தில் எத்தனை பிறந்தன என்ற சேர்வுப் பதிவேடு கண்முன் விரிகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எமது பேச்சின் மையமும் இதுதான். தூரத்துப் பேரடையில் முதலில் கண்ணுக்குப் படுவது செம்பூத விண்மீன்கள். வாழ்வின் பிற்பகுதியில் ஊதிப் பெருத்து, மிகப் பிரகாசமாக எரிபவை. பாடே தம் தட்டுகளில் கண்டவையும் இவற்றில் மிகப் பிரகாசமானவையே. ஆனால் செம்பூதங்களை வைத்து வயதை நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. வயது குறைந்து உலோகச் சத்து கூடிய ஒன்றும், வயது கூடி உலோகச் சத்து குறைந்த ஒன்றும் ஒரே நிறத்தில் நிற்கும். வெள்ளை கோட் அணிந்த பத்து வைத்தியர்களின் படத்தைப் பார்த்து, யார் எந்த வருடம் தரம் 1இல் சேர்ந்தார் என்று சொல்லச் சொன்னால் முடியுமா? உண்மையான வயது தெரிய வேண்டுமானால் மங்கலானவற்றிடம் போக வேண்டும். இன்னும் ஊதிப் பெருக்காமல், சூரியனைப்போல் அமைதியாக எரிந்துகொண்டிருக்கும் சாதாரண விண்மீன்கள் அவை. அவைதான் எண்ணிக்கையில் மிக அதிகம். பிரகாசமானவை மிகச் சிலதே.

வைத்தியர்களாகிய எமக்கு இது பழகிய விடயம். வைத்தியசாலை விடுதியில் படுத்திருப்பவர்களை மட்டும் எண்ணி ஊரின் நோயைக் கணக்கிட்டால் கணக்குப் பிழைக்கும். வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவரையும், வராமல் வீட்டிலேயே இருப்பவரையும் எண்ண வேண்டும்.

மங்கலானவற்றை எட்டுவதற்கு 1990இல் விண்வெளிக்குப் போன ஹபிள் தொலைகாட்டி தேவைப்பட்டது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிடப் பல கோடி மடங்கு மங்கலானவற்றையும் அதனால் பிரித்தறிய முடியும். யேல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை மார்லா கீஹா தலைமையிலான குழு, அந்திரோமெடாவின் துணைகளில் இரண்டு குள்ள நீள்வட்டப் பேரடைகளை ஹபிள் மூலம் ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டது. என்.ஜி.சி. 147, என்.ஜி.சி. 185 என்பவை அவை. காசியோப்பியா விண்மீன் கூட்டத்தின் பக்கம், இரண்டு முழுநிலவுகளை அருகருகே வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு இடைவெளியில், இரட்டைச் சகோதரிகள் போல நிற்கின்றன. பருமனும் ஒளியும் ஏறக்குறைய ஒன்றே. தூரமும் எமக்கு இருபது, இருபத்தைந்து இலட்சம் ஒளியாண்டுகளுக்குள்தான். ஒரே வீட்டில் வளர்ந்தவை, ஒரே கதைதான் இருக்கும் என்று எவரும் நினைப்பார்கள்.

ஒவ்வொரு விண்மீனாக எண்ணிப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. என்.ஜி.சி. 185இன் விண்மீன்களில் ஏறக்குறைய 70 சதவீதம் 1250 கோடி வருடங்களுக்கு முன்பே பிறந்துவிட்டன. பிரபஞ்சம் தோன்றிச் சிறிது காலத்திலேயே அதன் பெரும்பகுதி எழுந்துவிட்டது. என்.ஜி.சி. 147இலோ அந்தக் காலத்துக்குள் பிறந்தவை ஏறக்குறைய 40 சதவீதமே. மிச்சத்தில் பெரும்பாலானவை வெகு தாமதமாக, 500 முதல் 700 கோடி வருடங்களுக்கு முன்புதான் பிறந்தன. முந்திய சகோதரியின் மையத்தில் இன்றும் கொஞ்சம் வாயுவும் தூசும் மிஞ்சியிருக்கின்றன. பிந்திய சகோதரியிடம் வாயு இல்லை; அவளிடமிருந்து விண்மீன்கள் நீண்ட இரு வால்களாகச் சிதறிக் கிடக்கின்றன. அந்திரோமெடாவுக்கு மிக அருகே ஒருமுறை போய்வந்தபோது அதன் ஈர்ப்பு இழுத்துக் கலைத்திருக்கலாம் என்று விளக்குகிறார்கள். சகோதரிகள் இருவர் எந்தப் பாதையில் போக நேர்ந்தது என்பதே அவர்களை வேறாக்கிவிட்டது.

கரோலின் கண்ட என்.ஜி.சி. 205இலும் ஒரு வியப்பு இருந்தது. பழையவர்களின் குடியிருப்பு என்று அதை வகைப்படுத்திய அதே பாடே, பிற்காலத்துப் படங்களில் அதன் மையத்தில் சில நீல விண்மீன்களைக் கண்டார். ஹபிள் பின்னர் அதை உறுதிப்படுத்தியது. கடந்த சில பத்துக் கோடி வருடங்களுக்குள் பிறந்த இளம் விண்மீன்கள் அங்கே இருக்கின்றன. விண்மீன் கணக்கில் அது நேற்று நடந்தது போல. முடிந்துபோனது என்று எழுதிய இடத்தில் பிறப்பு நடந்துகொண்டிருந்தது.

இந்தச் சிறிய பேரடைகளுக்கு ஒரு குறையும் உண்டு. விண்மீன்கள் தமக்குள் இரும்பு போன்ற உலோகங்களைச் சமைக்கின்றன. வெடிக்கும்போது அவற்றை வெளியே கொட்டுகின்றன. பெரிய பேரடையின் ஈர்ப்பு அதைப் பிடித்து வைத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். சிறியதன் பிடி தளர்வு. அதிகம் வெளியே போய்விடும். ஆகவே குள்ளப் பேரடையின் விண்மீன்களில் இரும்பு குறைவு. சோகை பிடித்த விண்மீன்கள் என்று வைத்தியப் பாஷையில் சொல்லலாம். எமது கிளினிக்குகளில் குருதி இரும்பு குறைந்து வெளிறிய முகத்தோடு வரும் பிள்ளையின் உடம்பில் இருக்கும் கொஞ்ச இரும்பும் சூரியனுக்கு முன் வாழ்ந்த ஏதோ விண்மீன்களின் மிச்சம்தான். ஓர் இடம் தான் பெற்றதைப் பிடித்துவைத்து அடுத்தவர்களுக்குக் கொடுக்கிறதா என்பது அங்கும் இங்கும் ஒரே கேள்வி.

தங்கையரே, இந்த வேலை உங்களுக்கு எட்டாதது என்று எண்ண வேண்டாம். ஹபிள் எடுத்த படங்கள் ஆவணக் காப்பகத்தில் இலவசமாக இருக்கின்றன. இணைய வசதியும், கணனியும், பொறுமையும் உள்ள எவரும் இறக்கிக்கொள்ளலாம். பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பாலக்காட்டில் படித்து வளர்ந்த அன்னபூரணி சுப்பிரமணியம், விண்மீன் கொத்துகளையும் மகெலானிக் முகில்களின் விண்மீன் குடித்தொகைகளையும் ஆராய்ந்து, பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநரானார். தமிழ்நாட்டின் காவலூர் மலையில் இருக்கும் தொலைகாட்டி நிலையம் அந்த நிறுவனத்தினுடையதே. எமது நாட்டில் மொரட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. கொழும்பு 7இல் 1965இல் கட்டிய கோள்மண்டலம் இருக்கிறது. தடை வானத்தில் இல்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிக்க விரும்பும் பெண்பிள்ளைக்கு, அது பெடியன்களின் பாடம் என்று சொல்லும் எமது வாயில்தான் இருக்கிறது. வைத்தியர்களாக வந்த நாமே இதைச் சொல்ல வேண்டும்: கெட்டிக்காரப் பிள்ளை என்றால் வைத்தியராகத்தான் வேண்டும் என்பதில்லை.

இனி மலர்க்குழுவின் கேள்விக்கு வருவோம். நூற்றாண்டு மலர் என்றால் வைத்தியர்கள், சட்டத்தரணிகள், அதிபர்கள், வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள் ஆகியோரின் படங்கள் வரும். வரட்டும், அவர்கள் எமது செம்பூதங்கள். தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் தெரிபவர்கள். ஆனால் அவர்களை மட்டும் வைத்து இந்தக் கல்லூரியின் வயதையும் வரலாற்றையும் சொல்ல முடியாது. எந்தப் பத்தாண்டில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சாதாரணதரத்தோடு நின்றார்கள், ஏன் நின்றார்கள், நின்ற பிறகு என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால்தான் அது வரலாறு.

தையல் மெஷினில் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்த ராத்தா, மத்ரஸாவில் முப்பது வருடம் ஓதிக்கொடுத்தவர், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து தொடர்மாடியில் ஒரு வீடு எடுத்தவர், படிப்பை விட்டுவிட்டுப் படுக்கையில் கிடந்த உம்மாவைப் பார்த்தவர். இவர்கள்தான் எமது எண்ணிக்கையில் பெரும்பகுதி. மாளிகாவத்தையைத் தூரத்தில் இருந்து ஒரே நிறமாகப் பார்த்து, ஒரே வரியில் முடித்துவிடும் பலர் இருக்கிறார்கள். நாமும் எமது சகோதரிகளை அப்படிப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல எமக்கு உரிமை இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். கல்லூரியின் பழைய சேர்வுப் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. சில பக்கங்களைப் பூச்சி அரித்துவிட்டது. இந்தச் சங்கம் அவற்றை வருடம் வருடமாக எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளை பின்னர் என்ன ஆனாள் என்று எழுதத் தொடங்க வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், லண்டனிலும் மெல்பர்னிலும் டொரன்டோவிலும் தோஹாவிலும் இருக்கும் ஒவ்வொரு பழைய மாணவியும் தன்னோடு ஒரே வாங்கில் இருந்த ஐந்து பேரின் பெயரை நினைவிலிருந்து எழுதி அனுப்பினால் போதும். தன்னைப் பற்றி எழுத வேண்டாம். மேடைக்கு ஒருபோதும் வராத ஐந்து பேரைப் பற்றி எழுதுங்கள். அடுத்த ஒன்றுகூடலுக்கு அழைப்பிதழ் போக வேண்டியதும் அந்த முகவரிகளுக்கே.